தொண்டு நிறுவனங்களில் இளம் தலைவர்களை வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கிராமப்புறங்களில் வேலை செய்கிற சிறிய, நடுத்தரத் தொண்டு நிறுவனங்களோடு பல வருஷமாக இருக்கிறேன். முதலில் களப்பணியாளர், அப்புறம் திட்ட ஒருங்கிணைப்பாளர், இப்போது நிறுவனம் நிறுவனமாகப் போய் இளம் ஊழியர்களோடும் நிறுவனர்களோடும் உட்கார்ந்து பேசுகிற வேலை. எந்த ஊருக்குப் போனாலும் பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

இளம் தலைவர்னு யாரைச் சொல்றீங்க? வயசுக் கணக்கா, பதவிக் கணக்கா?

இரண்டும் இல்லை. பெரும்பாலும் 22-லிருந்து 35 வயதுக்குள் இருப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆனால் வயதை வைத்து மட்டும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. நான் பார்ப்பது ஒரே விஷயம். சாயங்காலக் கூட்டம் மழையால் கெட்டுப்போகிறது என்று வையுங்கள். ஒருவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு "என்ன செய்யறது சார்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். இன்னொருவர் அங்கன்வாடி சாவியை வாங்கி, பெண்களை உள்ளே உட்கார வைத்து, கூட்டத்தை முடித்துவிட்டு, ராத்திரி போன் பண்ணி "இப்படிச் செஞ்சிட்டேன்" என்று சொல்வார். இரண்டாவது ஆளைத்தான் சொல்கிறேன். அப்படி ஒருவர் இல்லாத நிறுவனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பல இடங்களில் அவருடைய பெயர் நிறுவனருக்கே தெரியாது.

வர்ற பசங்க ரெண்டு வருஷத்துல போயிடறாங்க. அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு வளர்க்கணும்?

போகிறவர்கள் போவார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆனால் ஏன் போகிறார்கள் என்று போனவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சம்பளம் ஒரு காரணம்தான், அதைப் பின்னால் சொல்கிறேன். நான் பேசிய பலர் சொன்னது வேறு: "மூணு வருஷம் கழிச்சும் முதல் நாள் செஞ்ச வேலையையே செஞ்சிட்டு இருந்தேன்." கிராமம் போவது, பதிவேடு நிரப்புவது, போட்டோ எடுத்து அனுப்புவது. அடுத்த படி என்று ஒன்று கண்ணில் படாத இடத்தில் யாராவது எதற்கு நிற்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் வளர்ந்த ஒருவர் இன்னொரு நிறுவனத்துக்கோ, மகளிர் திட்டத்துக்கோ, பஞ்சாயத்துக்கோ போனால் அது நஷ்டம் இல்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் செய்யப்போவதும் அதே மக்களுக்கான வேலைதான்.

தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினோம், சர்டிபிகேட்டும் வாங்கிட்டு வந்தாங்க, ஒண்ணும் மாறலையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு நிறுவனத்தில் நான் நேரில் பார்த்தது. 26 வயதுப் பெண், 14 கிராமங்களைப் பார்த்துக்கொள்கிறவர். எந்த வீட்டில் யாருக்கு முதியோர் ஓய்வூதியம் நின்றுபோயிருக்கிறது என்பது வரை அவருக்கு மனப்பாடம். மூன்று நாள் தலைமைப் பயிற்சி முடித்துத் திரும்பிய மறுநாள், ஷேர் ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆன 340 ரூபாய் வவுச்சரில் நிறுவனரின் கையெழுத்துக்காக அவர் அறைக்கு வெளியே நிற்கிறார். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது நிமிஷம் நின்றார். வவுச்சரை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார், பிரிப்பதும் மடிப்பதுமாக. அந்தப் பெண்ணிடம் மூன்று நாளாக "நீங்கள் ஒரு தலைவர்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை மாறிப்போகிறது என்கிறேன். முதலில் முடிவு எடுக்கும் உரிமையில் ஒரு பங்கு கொடுங்கள், அந்த முடிவை எடுக்க முடியாமல் அவர் திணறும்போது எந்த இடத்தில் திணறுகிறார் என்று தெரியும், அந்த இடத்துக்கான பயிற்சியை அப்போது கொடுங்கள். பட்ஜெட் கையில் இருக்கிற ஆளுக்குக் கணக்குப் பயிற்சி ஒரே நாளில் ஏறும். பட்ஜெட்டே பார்க்காதவருக்கு ஒரு வாரம் எடுத்தாலும் ஏறாது.

சரி, முதல்ல எதை ஒப்படைக்கிறது?

பணம். சின்னத் தொகையாக இருக்கட்டும், ஆனால் அவர் யாரையும் கேட்காமல் செலவு செய்துவிட்டு மாதக் கடைசியில் கணக்கு காட்டுகிற தொகையாக இருக்கட்டும். ஒரு களப் பகுதிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று ஆரம்பித்த நிறுவனங்கள் உண்டு. நான் பார்த்த வரை, கொடுக்காத நிறுவனங்கள் பயந்த அளவுக்கு எதுவும் நடந்துவிடவில்லை.

அடுத்து, நீங்கள் இல்லாத ஒரு கூட்டம். வாராந்திர ரிவ்யூவை அவர் நடத்தட்டும், நீங்கள் அன்றைக்கு அலுவலகத்திலேயே இருக்காதீர்கள். மூலையில் உட்கார்ந்து கவனிக்கிறேன் என்று சொல்லாதீர்கள், மூலையில் இருந்தாலும் எல்லோர் கண்ணும் உங்கள் முகத்தில்தான் இருக்கும். அது பழகிய பிறகு நிதி கொடுக்கிற ஒரு டோனரோடு அவரே நேரடியாகப் பேசட்டும், மெயில் அவர் பெயரில் போகட்டும். கடைசியாக வங்கிக் கணக்கில் இணைக் கையெழுத்து. இந்த நான்குக்கும் இரண்டு வருஷம் ஆகலாம், அது தப்பில்லை.

முதலில் ஒப்படைக்கக் கூடாதது எது தெரியுமா? ரிப்போர்ட் எழுதுவது. எல்லோரும் அதைத்தான் முதலில் தள்ளிவிடுகிறார்கள். ஏற்கெனவே முடிவான வேலையைப் பற்றி எழுதித் தருவதில் அவர் முடிவெடுக்க என்ன இருக்கிறது?

எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சவங்களை எடுக்கறது நல்லதா, உள்ளூர்ப் பிள்ளைங்களையா?

எம்.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணி முதுகலைப் படிப்பு. அதை முடித்தவர்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் இரண்டு பேருமே வேண்டும். சென்னையில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் என்று நல்ல மரபு நம்மிடம் இருக்கிறது. மதுரையில் தானம் அறக்கட்டளை 2000-இல் டாடா-தான் அகாடமியையே இதற்காகத் தொடங்கியது, இளைஞர்களைச் சேர்த்து இரண்டு வருஷம் வகுப்பும் களமுமாக மாற்றி மாற்றிப் பழக்குகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்குத் திட்டமிடவும் எழுதவும் தெரிகிறது.

ஆனால் நான் ஒருபக்கம் சாய்ந்துதான் பேசுவேன். 1989-இல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது ஒவ்வொரு குழுவுக்கும் ஊக்குநர், பிரதிநிதி என்று வைத்தார்கள். வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், வட்டார அலுவலகத்தில் பேச வேண்டும், வராத தவணையைக் கேட்டு வாங்க வேண்டும். பள்ளிப் படிப்பைத் தாண்டாத பெண்கள் அதைச் செய்தார்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-இல் சட்டமானது, அப்புறம் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற பெண்களில் பலர் குழுக்களில் பழகி வந்தவர்கள். 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் பாடம் நடத்திய தன்னார்வலர்களில் பெரும்பாலானோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். ஆள் இல்லை என்று சொல்கிற நிறுவனங்கள் தாங்கள் வேலை செய்கிற ஊரிலேயே தேடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கூடவே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் களப்பணியாளர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள், மேலாளர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தலித் மக்களுக்காகவே நடக்கிற நிறுவனங்களில் கூட மேலே போகப் போக அந்த மக்கள் காணாமல் போகிறார்கள். அதைத் "தகுதி" என்று சொல்லிக் கடந்து போகாதீர்கள்.

ஃபெலோஷிப் போனா பிரயோஜனம் உண்டா?

உண்டு. டீச் ஃபார் இந்தியா 2009-இல் தொடங்கியது, இரண்டு வருஷம் அரசு அல்லது குறைந்த கட்டணப் பள்ளிகளில் வகுப்பெடுக்க வேண்டும். காந்தி ஃபெலோஷிப் 2008-இல் தொடங்கியது. எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா 2011-லிருந்து நடக்கிறது, 13 மாதம் ஏதாவது ஒரு கிராமப்புற நிறுவனத்தோடு இருக்கலாம். வேறு மாநிலம், வேறு மொழி என்று போய் வந்தவர்கள் தைரியமாகத்தான் திரும்பி வருகிறார்கள்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் பட்டப்படிப்பும் ஓரளவு ஆங்கிலமும் வேண்டும், மூன்றாவது கேள்வியில் சொன்ன பெண் போன்றவர்கள் விண்ணப்பப் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு நிறுவனங்களே தங்களுக்குள் பேசி ஏற்பாடு செய்யலாம்: உங்கள் ஆள் மூன்று மாதம் எங்களிடம், எங்கள் ஆள் மூன்று மாதம் உங்களிடம். செலவு பஸ் டிக்கெட்டும் தங்குமிடமும்தான்.

எனக்கு இங்கிலீஷ் வராது. மேல வர முடியுமா?

வர முடியும், வர வேண்டும். ஊரில் இருநூறு பேர் முன்னால் தாசில்தாரைக் கேள்வி கேட்கிற ஒருவர், டோனர் வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டில் எடுத்து வைக்கிற ஆளாக மாறிவிடுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். விஷயம் தெரிந்தவர் ஓரத்தில் நிற்பார், ஆங்கிலம் தெரிந்தவர் பேசுவார். கேள்வி வந்தால் ஓரத்தில் நிற்பவரிடம் தமிழில் கேட்டுப் பதில் சொல்வார்.

இதைத் திருப்பிப் போடுங்கள். களப் பொறுப்பாளர் தமிழில் பேசட்டும், ஆங்கிலம் தெரிந்தவர் மொழிபெயர்க்கட்டும். நான் பார்த்த டோனர்களில் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. நிதி கேட்டு அனுப்புகிற ப்ரொபோசலையும் முதலில் தமிழில் எழுதுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நீங்களும் மெதுவாக ஆங்கிலம் படியுங்கள், வாசிக்கிற அளவுக்காவது வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தமும் கணக்கும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, கையெழுத்துப் போடுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இதுக்கெல்லாம் காசு? டோனர் ஆள் வளர்க்கறதுக்குத் தரமாட்டேங்கறாங்களே.

உண்மைதான், இது பெரிய தலைவலி. வெளிநாட்டு நிதிச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. வெளிநாட்டு நிதியை வாங்கிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதையும் நிறுத்தியது. முன்பு பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்துக்கு நிதியும் கொடுத்துக் கூடவே ஆட்களையும் பழக்கிவிடும். அந்த வழி அடைபட்டதில் அதிகம் அடி வாங்கியது சின்ன ஊர்களில் இருக்கிறவர்கள்.

இருந்தாலும் இரண்டு விஷயம். ஒன்று, எல்லாச் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது. நேரடியாகத் திட்ட வேலை செய்கிறவர்களின் சம்பளத்தை, உதாரணமாகப் பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர், விதிகள் தனியாகத்தான் பார்க்கின்றன. ஆடிட்டரோடு உட்கார்ந்து இதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். இரண்டு, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகத் தருகிற சி.எஸ்.ஆர். நிதியில் 5 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு கூடாது என்று உங்களிடம் சொன்னால், அந்த வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலையை நிர்வகிக்கச் செய்கிற செலவுக்கானது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாது. "பயிற்சி" என்று தனி வரி போடாமல் திட்டச் செலவுக்குள்ளேயே "களக் குழுவின் திறன் வளர்ப்பு" என்று நேர்மையாக எழுதிக் கேளுங்கள். நான்காவது கேள்வியில் சொன்னவற்றுக்கோ பெரும்பாலும் காசே தேவையில்லை.

சம்பளம் கம்மி, வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. என்ன சொல்லிப் புரியவைக்கறது?

வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். "தம்பி என்ன பண்றார்" என்று பெண் வீட்டில் கேட்கும்போது "என்.ஜி.ஓ.ல இருக்கான்" என்றால் அடுத்த கேள்வி "அது நிரந்தரமா" என்பதுதான். திட்டம் மார்ச்சில் முடிந்தால் ஏப்ரலில் வேலை இருக்குமா என்று நிறுவனருக்கே தெரியாத நிலைமையில் அந்தக் கேள்வி நியாயமானது.

நிறுவனங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நியமனக் கடிதம் கொடுங்கள். 20 பேர் இருந்தால் பி.எஃப். சட்டப்படி கட்டாயம், குறைவாக இருந்தாலும் விருப்பத்தின் பேரில் சேரலாம். வருஷத்துக்கு ஒருமுறை சம்பளத்தை எப்படிக் கூட்டுவோம் என்று எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சேவை மனப்பான்மை என்று சொல்லிச் சம்பளப் பேச்சை அடக்காதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பின்னால் ஒரு தங்கச்சியின் படிப்பும் ஒரு வீட்டுக் கடனும் நிற்கின்றன.

பெண்களைப் பொறுப்புக்குக் கொண்டு வரலாம்னா அவங்களே வேண்டாம்கறாங்க.

என்ன கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்று பாருங்கள். மாவட்ட ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு என்றால் கூட்டம் ராத்திரி எட்டு மணி வரை, கடைசி பஸ் ஏழரைக்கு. குழந்தையை யார் பார்ப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. "வேண்டாம் சார்" என்று அவர் சொன்னது பொறுப்பை இல்லை, அந்த நேரத்தை. ஒரு நிறுவனம் மாவட்டக் கூட்டத்தைக் காலை பத்தரைக்கு மாற்றி, குழந்தையோடு வரலாம் என்றும் சொன்னது. அதுவரை மறுத்த இரண்டு பெண்கள் அந்த வருஷமே பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

பாதுகாப்பும் இதில்தான் வரும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 2013-ஆம் வருஷச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள் குழு கட்டாயம், அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் வேண்டும். சுவரில் போஸ்டர் ஒட்டிய பல இடங்களில் அந்த வெளி உறுப்பினரின் போன் நம்பர் எந்தப் பெண் ஊழியரிடமும் இல்லை.

பொறுப்பு குடுத்தேன், பெரிய தப்பு பண்ணிட்டாங்க. திரும்ப எடுத்துக்கலாமா?

என்ன தப்பு என்பதைப் பொறுத்தது. குழந்தைகளின் பாதுகாப்பு, பணத்தை மறைத்தல், யாரையாவது மிரட்டுதல் என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் கணிப்புத் தவறு, அதற்காகப் பொறுப்பைப் பிடுங்கினால் அடுத்த பத்து பேரும் இனி எதையும் முடிவு செய்ய மாட்டார்கள்.

என் அனுபவம் ஒன்று. நான் பொறுப்புக் கொடுத்த ஒரு தம்பி, ஊர்க் கூட்டத்தில் ஆர்வத்தில் "ரெண்டு மாசத்துல பட்டா வந்துடும்" என்று சொல்லிவிட்டார். வரவில்லை. மக்கள் கோபத்தில் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன், அவரைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு. ஊர் சமாதானமானது, ஆனால் அன்றிலிருந்து ஊரார் எல்லாவற்றுக்கும் என்னிடமே பேசினார்கள், அந்தத் தம்பி மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அவரை முன்னால் நிற்க வைத்து நான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சட்டப்படி இளைஞர்களை நிர்வாகக் குழுவில் சேர்க்க முடியுமா?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால், 18 வயது முடிந்தவர் உறுப்பினர் ஆகலாம். சங்கத்துக்குக் குறைந்தது 7 உறுப்பினர், செயற்குழுவுக்குக் குறைந்தது 3 பேர், குழுவின் பதவிக்காலம் 3 வருஷத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புது ஆளைக் கொண்டு வருகிற வாய்ப்பைச் சட்டமே கொடுக்கிறது, நாம்தான் அதே ஏழு பேரைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுக்கிறோம். அறக்கட்டளை என்றால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பல பத்திரங்களில் ஆயுட்கால அறங்காவலர் என்று இருக்கும்.

மாற்றினால் பதிவாளர் அலுவலகம், வங்கி, எஃப்.சி.ஆர்.ஏ. இருந்தால் அங்கேயும் தெரிவிக்க வேண்டும். சம்பளம் வாங்குகிற ஊழியரையே குழுவில் சேர்ப்பதற்கு முன்னால் வருமான வரி விதிகளை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது சிக்கல் என்றால் வாக்கு இல்லாத சிறப்பு அழைப்பாளராக ஒருவரைக் கூப்பிட்டுக் குழு எப்படிப் பேசுகிறது என்று பார்க்க விடலாம்.

இருபத்தஞ்சு வருஷம் ரத்தம் சிந்திக் கட்டினது. ஒரு இருபத்தெட்டு வயசுப் பையன்கிட்ட எப்படிக் குடுக்கறது?

இதைக் கேட்கிறவர்களின் கண்ணைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கல்யாணம், வீடு, உடம்பு என்று எதையும் பார்க்காமல் கட்டியவர்கள். ஒரே நாளில் கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நான்காவது கேள்வியில் சொன்ன படிகள் உங்களுக்காகத்தான்.

டாக்டர் வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் அவர் மறைந்தபோது அந்த வேலை ஒரு நாள் கூட நிற்கவில்லை, ஏனென்றால் அதற்குப் பல வருஷம் முன்பே மற்றவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1983-இல் தொடங்கிய பிரதான் என்ற கிராம வளர்ச்சி அமைப்பிலிருந்துதான் 1997-இல் மதுரையில் தானம் அறக்கட்டளை பிரிந்து வந்தது. ஒரு நிறுவனத்துக்குள் வளர்ந்தவர்கள் இன்னொரு நிறுவனத்தையே கட்டினார்கள்.

நிறுவனர் விலகிய பிறகு என்ன செய்வார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அதை யோசிக்காமல் விலகியவர்கள் ஆறு மாதத்தில் அலுவலகத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது, புதிய ஊழியர்களுக்கு ஊர்களின் வரலாற்றைச் சொல்வது, இந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாது.

என் மகளையே கொண்டு வந்தா தப்பா?

தப்பில்லை. ஆனால் மற்றவர்கள் ஏறிய அதே படியில் அவரும் ஏறட்டும். களத்தில் இரண்டு வருஷம், இன்னொருவருக்குக் கீழே, உங்களுக்குக் கீழே இல்லாமல். பொறுப்பு கொடுக்கலாமா என்ற முடிவு நடக்கிற கூட்டத்தில் நீங்கள் உட்காராதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் அதையும் எழுதுங்கள். பத்து வருஷமாக உழைத்த ஒருவரைத் தாண்டி நேற்று வந்த மகள் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தால், அந்தப் பத்து வருஷ ஆள் எதுவும் பேச மாட்டார். அடுத்த மாதம் ராஜினாமா கடிதம்தான் வரும்.

நானே இளம் ஊழியர்தான். எங்க சார் எதையும் விட்டுக்குடுக்க மாட்டேங்கறார். இருக்கவா, போகவா?

முதலில் கேட்டுப் பாருங்கள். "எனக்குப் பொறுப்பு வேணும்" என்று பொதுவாகக் கேட்டால் "நீதானே எல்லாம் பாத்துக்கற" என்று சொல்லிவிடுவார். ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: "அடுத்த மூணு மாசம் இந்த எட்டு ஊரோட செலவை நான் முடிவு பண்றேன் சார், மாசாமாசம் கணக்கு காட்டறேன்." அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, தனியாக, மரியாதையோடு கேளுங்கள். பலருக்கு விட மனசில்லாமல் இல்லை, யாரும் இப்படிக் கேட்டதில்லை. முதல் முறை மறுத்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.

இரண்டாவது முறையும் இல்லை என்றால், ஒரு வருஷத்தில் நீங்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றால், போங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். போகும் முன் ஒவ்வொரு ஊரிலும் யாரிடம் பேச வேண்டும், எந்த மனு எந்த அலுவலகத்தில் நிற்கிறது, யாருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி உங்களுக்கு அடுத்தபடி இருக்கிறவரிடம் நேரில் கொடுங்கள். அவரை அந்த ஊர்களுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் "இனிமே இவங்கதான்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.